சுருளி மதினி நிறுத்தி வைத்த போன்

எங்கள் ஏணிப்பாறைக்கு டவர் கிடையாது, ஆள்தான் உண்டு. கீழே கூட்டாறு என்கிற ஊரில் நிற்கிற டவரில் இருந்து மேலே ஊர் வரைக்கும் மலைப்பாதையில் பதினோரு வளைவு. வளைவுக்கு ஒருவராகப் பதினோரு பேர் நின்றால், சிக்னல் ஒருவர் உடம்பில் இருந்து அடுத்தவர் உடம்புக்குத் தாவித் தாவி ஏறி, சிவனாண்டி மாமாவின் டீக்கடையில் அரிசி மூட்டைக்கு மேல் கிடக்கிற போனுக்குள் மூன்று கோடாக வந்து நிற்கும். ஒருவர் நகர்ந்தாலும் மூன்று கோடும் போய்விடும்.

இதைக் கண்டுபிடித்தது ஒரு ரேஷன் நாளில். கூட்டாற்றில் அரிசி வாங்கிக்கொண்டு ஏறி வந்த பொம்பளைகள் பதினோரு பேர், தலைச்சுமை அழுத்த அழுத்த ஒருவருக்கொருவர் பின்தங்கி, ஆளுக்கொரு வளைவில் மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிய அந்த ஒரு நிமிஷத்தில், அதுவரைக்கும் டார்ச் அடிக்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டுமே இருந்த சிவனாண்டி மாமாவின் போன் அடித்தது. குவைத்தில் இருக்கிற அவர் மகன் வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிட்டுப் பார்ப்பானாம், ஒரு நாளும் போனதில்லையாம். அப்பனும் மகனும் அழுது முடித்துப் பேச ஆரம்பிக்கும்போது பொம்பளைகள் சுமையைத் தூக்கினார்கள், போன் அறுந்தது. ரேஷன் அரிசிக்குத்தான் அந்த சக்தி என்று நினைத்து, அடுத்த மாதம் அரிசியோடு நிற்க வைத்துப் பார்த்தோம், வந்தது. அரிசியை மட்டும் வளைவில் வைத்துவிட்டு ஆட்களை விலக்கிப் பார்த்தோம், வரவில்லை. அப்புறம் வெறுங்கையோடு நின்றோம், வந்தது. "அரிசி இல்லப்பா, அரிசி திங்கிற ஆளுதான்" என்று குருவம்மா சித்தி சொன்னதோடு ஆராய்ச்சி முடிந்தது. தண்ணீர் வாய்க்கால் வழியாக வருகிறது, கரண்டு கம்பி வழியாக வருகிறது, இது மனுஷர் வழியாக வருகிறது, அவ்வளவுதானே என்று அவரவர் வேலைக்குப் போனோம்.

யார் எப்போது நிற்பது என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. காளியம்மன் கோயில் முன்னால் மூன்று நாள் கூட்டம் போட்டு, கடைசியில் வாய்க்கால் முறையையே போனுக்கும் வைத்துக்கொண்டோம். காலை ஆறு முதல் சாயங்காலம் ஆறு வரைக்கும்தான் லைன். இருட்டினால் கரடி இறங்கும், யாரும் நிற்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு போன்தான் இந்த வழியில் போகும் என்பதால், வீட்டுக்கு இத்தனை நிமிஷம் பேச்சு. வாய்க்காலில் ஒருவர் முறைக்குத் தண்ணீர் ஓடும்போது நடுவில் இருக்கிற வயல்காரர் கைவைக்கக் கூடாது அல்லவா, அதே மாதிரி நிற்கிறவர் உடம்பு வழியாக எது போனாலும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, வெளியே சொல்லக் கூடாது. வழியில் போகிறதை எடுக்கக் கூடாது: அதுதான் சட்டம். வாய்க்காலை மறிக்கிறவனுக்கு எங்கள் ஊரில் மன்னிப்பு கிடையாது, போனை மறிக்கிறவனுக்கும் கிடையாது.

கேட்காமல் இருக்க முடியுமா? காதால் கேட்கிறது இல்லை அது. நெஞ்சுக்குழியில் ஒரு புழு நெளிகிற மாதிரி ஏறி, நாக்கில் ஒரு ருசியை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடும். சம்பளம் வந்த சேதி வறுத்த கடலை மாதிரி இருக்கும், திருப்பூரில் இருக்கிற புருஷனும் இங்கே இருக்கிற பெண்டாட்டியும் சண்டை போட்டால் பச்சைப் புளியங்காய், புதிதாய் நிச்சயமானவர்கள் பேசினால் நிற்கிற கிழவனுக்கும் கன்னம் சிவக்கும். நின்றுகொண்டே நாம் ஏதாவது பேசிவிட்டால் அது போகிற போனில் கலந்துவிடும். வீருச்சாமி மாமா ஆறாவது வளைவில் நின்று போட்ட தும்மலை, பேங்க்கில் இருந்து கூப்பிட்ட அம்மா கேட்டுவிட்டு "உடம்ப பாத்துக்கங்க சார்" என்று மேலே டீக்கடையில் போன் பேசிக்கொண்டிருந்தவரிடம் சொன்னாராம். நான் என் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றால் மூன்று கோடு நான்கு கோடாகும். "பவுனு, ஒம் மகன் படிக்காமயே வேலைக்குப் போயிட்டான்டி" என்று கேலி செய்வார்கள்.

டவர் கம்பெனி ஆட்கள் ஒரு தடவை ஜீப்பில் வந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, நிற்கிறவருக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு பெட்டியைக் காட்டி அளந்து, நல்லது நல்லது என்று தலையாட்டி எழுதிக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் கழித்து எங்களுக்குப் பதினோரு ஆரஞ்சு மேல்சட்டையும் பதினோரு குடையும் ஒரு கடிதமும் வந்தன. ஏணிப்பாறையில் இப்போது சிக்னல் இருக்கிறபடியால், ஏணிப்பாறைக்கென்று போட இருந்த டவர் தேவைப்படாது என்று கடிதத்தில் இருந்தது. சட்டை நல்ல கனம். குளிருக்கு ஆகும் என்று சந்தோஷப்பட்டோம்.

ஏழாவது வளைவுக்குத்தான் யாருக்கும் போகப் பிடிக்காது. அங்கே ஒரு பாறை பாதைக்கு மேல் கவிந்து நிற்கும். வெயில் காலத்திலும் மஞ்சு இறங்கும், மழைக் காலத்தில் பாறையில் இருந்து தண்ணீர் பிடரியில் சொட்டிக்கொண்டே இருக்கும், குடை எந்தப் பக்கம் பிடித்தாலும் சொட்டும். கால்மாற்றி நிற்க இடம் கிடையாது. அந்த வளைவில் அதிகம் நின்றது சுருளி மதினி.

சுருளி மதினி என் பெரியப்பா மகன் வனராசு அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தது. அண்ணன் மிளகு பறிக்க ஏறிய மரத்தில் இருந்து விழுந்து செத்து மூன்று வருஷம். ஆம்பளை இல்லாத வீட்டைக் கோயில் வரிக்கு அரைத் தலைக்கட்டு என்று வைப்பது எங்கள் வழக்கம். இரக்கப்பட்டு வைத்ததாகத்தான் சொல்வார்கள். முறை போட்ட அன்றைக்கு எண்ணிப் பார்த்தால், நாள் ஒன்றுக்கு நிற்க வேண்டிய ஆள் அறுபத்தாறு, ஊரில் இருப்பது அறுபத்தைந்தரைத் தலைக்கட்டு. ஊருக்கே அரை ஆள் குறைந்தது. சிவனாண்டி மாமா நிறைய யோசித்து, "அரைத் தலைக்கட்டுக்கு அரைப் பேச்சு, ஆனா நிக்கிறது மட்டும் முழுசா நின்னுரட்டும், கணக்கு நேராயிரும்" என்றார். அரையாள் எப்படி நிற்க முடியும், நின்றால் முழுசாகத்தானே நிற்க முடியும் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மதினியும் சிரித்தது. "எனக்குப் பேச யாரு இருக்கா? அந்த அரையையும் வேணும்னா நீங்களே பேசிக்கங்க" என்றது.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒருத்திக்கு மாதவிலக்கு, ஒருத்தனுக்கு முட்டிவலி, ஒரு வீட்டில் விருந்தாளி. ஏழாவது வளைவு முறை வருகிற அன்றைக்கெல்லாம் எல்லோர் வீட்டிலும் ஏதாவது வந்துவிடும், "மதினி, இன்னைக்கு ஒரு நா மட்டும்" என்று வாசலில் நிற்பார்கள். மதினி ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். பதிலுக்கு யாராவது மதினியின் மகள் ஹரிணிக்குச் சோறு போடுவார்கள், தலை பின்னிவிடுவார்கள். ஹரிணிக்கு ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, எந்த வீட்டுக்குப் போனாலும் தன் வீடு மாதிரி அடுப்படி வரைக்கும் போய் என்ன கொழம்பு என்று பார்க்கும். அதிகம் நின்றதால் மதினிக்கு ஊரில் எல்லோருடைய ருசியும் தெரியும். யார் யாரிடம் என்ன பொய் சொன்னார்கள், எவள் எவனுக்காக அழுதாள், எந்த மகன் இனிமேல் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான், எல்லாம் அந்த நெஞ்சு வழியாகப் போனது. ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. ஆனால் தெரியும் என்பதே போதுமாக இருந்தது. குழாயடியில் மதினி வந்தால் பேச்சு குறைந்துவிடும், பானையைத் தள்ளி வைத்து வழி விடுவார்கள். மதினியும் பேச்சைக் குறைத்துக்கொண்டது. சில நாள் வீட்டுக்கு வந்த பிறகும் ஹரிணி கேட்டதற்கு வேறு யாரோ யாருக்கோ சொன்ன பதிலைச் சொல்லும், அப்புறம் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொள்ளும். "அத்தை, அம்மா என்னைய சேகருங்குது" என்று ஹரிணி என்னிடம் வந்து சிரிக்கும். நானும் சிரித்தேன்.

ஐப்பசி மழை பத்து நாளாய் விடாமல் பெய்தபோது, ஹரிணிக்குக் காய்ச்சல் வந்தது. நாலாவது நாள் காய்ச்சல் விட்டது, பிள்ளை எழுந்து கஞ்சி கேட்டது, எல்லோரும் நல்ல மூச்சு விட்டோம். அன்றைக்குப் பத்து மணி முறை ஏழாவது வளைவில் என்னுடையது. என் கைக்குழந்தைக்குச் சளி. நான் மதினி வாசலில் போய் நின்றதும், நான் கேட்காமலேயே மதினி சட்டையை எடுத்தது.

"பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ருச்சு பவுனு, ஆனா கை சில்லுன்னு இருக்கு. நான் கூடவே இருக்கலாம்னு நெனச்சேன்."

"நான் இருக்கேன்ல மதினி. ரெண்டு மணி நேரம். என் மகனையும் இவளையும் ஒரே போர்வைக்குள்ள போட்டுப் பாத்துக்கறேன். பன்னெண்டுக்கு எங்க வீட்டுக்காரரு முறைதான், கரெக்டா வந்து ஒங்கள மாத்திருவாரு."

"கஞ்சிய கொஞ்சம் கொஞ்சமா குடு. ஒரேயடியா குடுத்தா கக்கிரும்" என்று சொல்லிவிட்டு மதினி மழைக்குள் இறங்கிப் போனது.

பதினொரு மணிக்கு ஹரிணி கஞ்சியைக் கக்கியது, அதில் காப்பித்தூள் மாதிரி ஏதோ இருந்தது. அப்புறம் கண் மேலே போய்விட்டது. நான் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு இடுப்பிலும் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் பெத்தணன் ஹரிணியை வாங்கிக்கொள்ள, நான் போனை எடுத்து நூற்றி எட்டைக் கூப்பிட்டேன். யார், எங்கே, என்ன வயது என்று கேட்டார்கள்.

"பொம்பளப் பிள்ளைங்க. ஆறு வயசு. பேரு ஹரிணி. ரத்தமா கக்குது, கண்ணத் தொறக்க மாட்டேங்குது" என்று கத்தினேன். கத்தும்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தச் சொல் இப்போது பதினோராவது, பத்தாவது, ஒன்பதாவது, எட்டாவது ஆளைத் தாண்டி மதினியின் நெஞ்சுக்குழிக்குள் இறங்கி அங்கே இருந்து கீழே போகிறது என்று. லைன் ஒரு நொடி நடுங்கியது. அறவில்லை. மதினி நகரவில்லை, நகர்ந்தால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும்.

மூன்றாவது வளைவுக்கு மேலே ரோட்டை மழை அறுத்திருந்தது. அதுவரைக்கும்தான் வண்டி வரும் என்று ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னார். "லைன வச்சிராதீங்கம்மா, நான் எங்க நிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருங்க, வேற கேஸ் வந்தா என்னைய திருப்பி விட்ருவாங்க" என்றார். நான் போனைக் காதில் இருந்து எடுக்காமலே எல்லோரையும் பார்த்து, "யாரும் மாறாதீங்க, முறை மாத்த வேணாம், நிக்கிறவங்க அப்படியே நிக்கச் சொல்லுங்க" என்றேன். நான்தான் சொன்னேன். அந்தச் சொல்லை வளைவுக்கு வளைவு கூவிக் கூவி இறக்கினார்கள். முறை மாறும்போது ஒரு மூச்சு நேரம் லைன் போகும், அது போகக் கூடாது என்பதுதான் என் நினைப்பு. பதினோரு பேரும் அந்த மழையில் அந்தப் பிள்ளைக்காக, தங்கள் முறை முடிந்தும் ஆறு மணி நேரம் அசையாமல் நின்றார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எங்கள் ஊரைப் பற்றி என்ன சொன்னாலும் அதையும் சொல்ல வேண்டும்.

சேலையில் தொட்டில் கட்டி, பெத்தணனும் மொக்கராசு அண்ணனும் ஹரிணியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், கூட குருவம்மா சித்தி போனது. சித்தியிடம் போன் கிடையாது, கடை நம்பரை ஒரு தாளில் எழுதி ஜாக்கெட்டுக்குள் சொருகிவிட்டேன். ஏழாவது வளைவில் தொட்டில் மதினியைத் தாண்டிப் போயிற்று. அந்த நேரம் டிரைவர் என்னிடம் புளியமரம் தாண்டியா, முன்னாலயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குரலுக்கும் என் குரலுக்கும் நடுவில், எங்கிருந்தோ, மெதுவாக, "ஹரிணி" என்று ஒரு சத்தம் கேட்டது.

"யாரும்மா அது நடுவுல?" என்றார் டிரைவர்.

"நடுவுல ஆளு இருக்குங்க" என்றேன். "நீங்க சொல்லுங்க. தாண்டிங்க. புளியமரம் தாண்டி."

பெத்தணன் பிறகு சொன்னார், மதினி பிள்ளையின் ஒரு பாதத்தை மட்டும் கையில் பிடித்ததாம், தொட்டில் போகிற வேகத்துக்கு அது தானாகக் கையை விட்டு நழுவிப் போயிற்றாம், கால் அந்த இடத்தைவிட்டு ஒரு விரல்கடை நகரவில்லையாம்.

வண்டி கிளம்பிவிட்டது என்று டிரைவர் சொல்லி லைனை வைத்தபோது மணி ஒன்றரை. எட்டாவது வளைவில் நின்ற ஆள் வழியாக மதினியின் கேள்வி மேலே ஏறி வந்தது: நான் கீழே போகட்டுமா என்று. நான் பதினோராவது வளைவு வரைக்கும் ஓடிப் போய்ப் பதில் சொல்லியனுப்பினேன்: "இருங்க மதினி. ஆஸ்பத்திரில இருந்து எந்த நிமிஷமும் போன் வரும். வர்றப்ப ஏழாவது ஆளு இல்லேன்னா பிள்ளைக்கு என்னாச்சுன்னு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் நின்ற எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வேறு ஓர் ஆளை ஏழாவது வளைவில் நிறுத்திவிட்டு மதினியைப் பிள்ளையோடு அனுப்பியிருக்கலாம், அதற்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். அறுபத்தைந்தரைத் தலைக்கட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மகளைப் பற்றிய சேதி வர வேண்டும் என்பதற்காக மகளிடம் போகாமல் அம்மாவைப் பிடித்து நிறுத்தினோம், அதை உதவி என்றும் நினைத்தோம். மதினி சரி என்று சொல்லியனுப்பியது. அதன் பிறகு முதல் வளைவுக்கும் கீழே பாறைச்சரிவு விழுந்து பாதை மொத்தமாக மூடிக்கொண்டது, போகிறேன் என்றாலும் போக முடியாது.

நான் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மணி இருக்கும், மூன்று கோடும் சட்டென்று அணைந்தன. போன் அடிக்கவில்லை. யாராவது நகர்ந்துவிட்டார்களா என்று கூவிக் கேட்டோம். பதினொன்று நிற்கிறேன் என்றது, பத்து நிற்கிறேன், ஒன்பது நிற்கிறேன், எட்டு நிற்கிறேன், "எனக்கு ஒண்ணும் வரலையே" என்றது எட்டு. ஏழில் இருந்து பதில் இல்லை.

ஆறு மணிக்கு லைன் முடிந்து, நின்றவர்கள் ஏறி வந்தார்கள். கீழ் வளைவுக்காரர்கள் ஆறு பேரும் மதினியைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வீருச்சாமி மாமாவை மறித்தேன்.

"மாமா, ஆறாவது வளைவுல நீங்கதான் நின்னீங்க. போன் வந்துச்சா, வரலையா?"

மாமா தலைத்துண்டைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தார்.

"வழியில போறத எடுக்கக் கூடாது ஆத்தா" என்றார். அவர் உதடு கோணியது. "ருசியே இல்ல ஆத்தா அதுல. இத்தன வருசத்துல அப்படி ஒண்ணு எம்மேல ஏறினதே இல்ல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது, ஆனால் ஊருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் ஒப்பாரி வைக்க முடியாது, அடுப்பை அணைக்க முடியாது, ஒன்றும் செய்ய முடியாது. சொல்ல வேண்டிய சேதி ஏழாவது வளைவு வரைக்கும் வந்து அங்கே நின்றுவிட்டது. மதினி வாயை இறுக மூடிக்கொண்டு, அந்தப் போனை மேலே விடாமல் நெஞ்சுக்குள்ளேயே நிறுத்தி வைத்திருந்தது.

இருட்டில் கரடிக்குப் பயந்து யாரும் இறங்கவில்லை, மதினி விடிந்து பார்த்தாலும் அதே இடத்தில் நின்றது. ஆரஞ்சுச் சட்டையில் இருந்து தண்ணீர் வடிய, உதடு வெளுத்துப் போய், கண் மட்டும் திறந்திருந்தது. வழக்கம்போல முறைக்காரர்கள் மற்ற வளைவுகளில் போய் நின்றார்கள். ஒரு போனும் வரவில்லை. வந்ததெல்லாம் மதினிக்குப் பின்னால் வரிசையில் நின்றது, ஒற்றைப் பாதையில் பஸ் நின்றால் பின்னால் வந்த வண்டியெல்லாம் நிற்கிற மாதிரி. மதினிக்குப் பக்கத்தில் வேறு ஆளை நிறுத்திப் பார்த்தார்கள். காட்டுக்குள் புகுந்து பாறையைச் சுற்றி மூன்று பேரைத் தனியாக நிறுத்திப் பார்த்தார்கள். சிக்னல் மதினியிடம்தான் போயிற்று. தண்ணீர்ச் செம்பை வாயருகில் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயைத் திறந்தால் அது போய்விடும் அல்லவா.

"சுருளி, விட்ருத்தா" என்றார் சிவனாண்டி மாமா முதலில். பிறகு, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, குவைத்தில் இருந்து மகன் கூப்பிடுகிற நாள் என்பது ஞாபகம் வந்து, அவர் குரல் மாறியது. "வாய்க்கால மறிச்சவளுக்கு ஊருல என்ன பேருன்னு தெரியும்ல? ஊரு முழுசுக்குமான லைன ஒருத்தி புடிச்சு வச்சிருந்தா என்ன அர்த்தம்? நாலு பேரு தூக்கிட்டுப் போங்கப்பா."

"தூக்குனா உள்ள இருக்கிறது என்ன ஆகும் மாமா?" என்றார் வீருச்சாமி மாமா. தூக்கப் போனவர்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

எனக்கு வேறு யோசனை ஓடியது. நான் அதிகம் படித்தவள் இல்லை, வேலை என்றால் எது முதலில், எது அப்புறம் என்று மட்டும் தெரியும். மதினி தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் இன்றைக்கோ நாளைக்கோ அந்த இடத்திலேயே விழும். கீழே குருவம்மா சித்தி ஒற்றை ஆளாகப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், ஊரில் இருந்து ஏன் ஒருவரும் பேசவில்லை என்று. இரண்டுக்கும் மதினி வாயைத் திறந்தாக வேண்டும். வாயைத் திறந்தால் அது மேலே போய், டீக்கடையில் அரிசி மூட்டை மேல் இருக்கிற போனில் அடித்து, கூட்டத்துக்கு நடுவில் யாரோ எடுத்து, யாரோ கேட்டு, அலறிக்கொண்டு எல்லோரும் ஓடி வருவார்கள். மதினிக்கு அது வேண்டாம். அது எனக்குப் புரிந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனேன். கூட்டத்தை எட்டாவது வளைவுக்கு மேலே போகச் சொன்னேன். என்ன நினைத்தார்களோ, போனார்கள். மதினிக்கு நேர் எதிரில், மூச்சுக்காற்று படுகிற கிட்டத்தில் நின்றேன். பாறைத் தண்ணீர் என் பிடரியிலும் சொட்டியது.

"மதினி" என்றேன். "நேத்து பத்து மணி முறை என்னோடது. ஒங்களோடது இல்ல. இது எனக்கு வர வேண்டியது. எங்கிட்ட குடுங்க."

மதினி என்னைப் பார்த்தது. என் மகன் கையை நீட்டி அந்த ஆரஞ்சுச் சட்டையின் பொத்தானைப் பிடித்து இழுத்தான். மதினி அவன் கையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு வாயைத் திறந்தது.

அது எனக்குள் வந்தது. வீருச்சாமி மாமா சொன்னது சரி, நாக்கில் எதுவுமே இல்லை, நாக்கே இல்லாத மாதிரி இருந்தது. நேற்று நாலு மணியில் நின்றுபோன குரல், கொஞ்சமும் பழசாகாமல், பின்னால் யாரோ இரும்புக் கட்டிலை இழுக்கிற சத்தத்தோடு பேசியது.

"ஹலோ? ஹரிணியோட அம்மாங்களா?"

"அத்தைங்க" என்றேன்.

"பக்கத்துல அம்மா இருந்தா குடுங்க."

"இருக்காங்க. எங்கிட்ட சொல்லுங்க. நான் சொல்லிக்கறேன்."

அந்த நர்ஸம்மா நல்ல மனசுக்காரி, கொஞ்சம் தயங்கினார். பிறகு இரண்டே வரி சொன்னார். ஒன்று, எத்தனை மணிக்கு என்பது. மற்றது, பிள்ளையை எடுத்துக்கொண்டு போகப் பெற்றவர்கள் யாராவது வர வேண்டும் என்பது. சரிங்க என்றேன். அவர் வைத்துவிட்டார். பின்னால் வரிசையில் நின்ற போன்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என்னைத் தாண்டி மேலே ஓடின, குவைத் போனது, திருப்பூர் போனது, மேலே டீக்கடைப் பக்கம் சத்தம் கேட்டது. நான் எதையும் எடுக்கவில்லை.

மதினி வாயைத் திறந்தது திறந்தபடியே நின்றது, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. டவரில் இருந்து ஏழு வளைவு ஏறி வந்த சொல் இன்னும் ஒரு முழம் போக வேண்டும். அந்த ஒரு முழத்துக்கு நடுவில் நிறுத்த எங்கள் ஊரில் ஆள் கிடையாது. குழந்தையை இந்த இடுப்பில் இருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, செம்புத் தண்ணீரை எடுத்து முதலில் அந்த வாயில் ஊற்றினேன், ஒரு வாய் இறங்குகிற வரைக்கும் பொறுத்தேன், அப்புறம் சொன்னேன்.